சிரித்தால் நிற்கும் வண்டி

போன மாதம் நிவேதா போன் செய்தாள். சி.பி. குழந்தைகளுக்கான எங்கள் மையத்தில் இப்போது வேலை பார்க்கும் இளம் தெரப்பிஸ்ட். நான் ஓய்வு பெற்று வந்த பிறகு சேர்ந்த பெண்.

"கலியண்ணா, பவர் வீல்சேர் பழகறதுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு கேம் வந்திருக்கு. பசங்க மொதல்ல திரையிலயே ஓட்டிப் பழகலாம். செவுத்துல மோதுனாலும் செவுத்துக்கு ஒண்ணும் ஆவாது. முன்னாடியெல்லாம் நீங்க எப்படிக் கத்துக் குடுத்தீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன். கையேட்டுல சேக்கறோம்."

உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம் பன்னிரண்டு பக்கமானது. படித்துவிட்டு மறுபடியும் போன் செய்தாள்.

"நல்லா இருக்குண்ணா. ஆனா ஒரு பெரியவரோட வேட்டி வருது, பூசணிக்காய் வருது. இதையெல்லாம் கையேட்டுல எந்தத் தலைப்புக்குக் கீழ போடறது?"

எனக்கும் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் கையேடு ஆகாது போலிருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கலியபெருமாள். தவளக்குப்பத்துக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம், கரும்பு போடுவோம். எனக்குக் கரும்பைவிட அதை ஏற்றிக்கொண்டு போகும் லாரியின் மேல்தான் ஆசை. லைசென்ஸ் எடுத்து லாரி ஓட்டினேன், பிறகு பஸ் ஓட்டினேன், கடைசியில் மையத்தின் வேனுக்கு டிரைவராக வந்து சேர்ந்தேன். காலையில் அரியாங்குப்பம், ரெட்டியார்பாளையம் என்று சுற்றிக் குழந்தைகளை ஏற்றிவர வேண்டும். சாயங்காலம் அதே வழியில் இறக்கிவிட வேண்டும்.

சி.பி. என்பதைப் பெருமூளை வாதம் என்று எழுதுகிறார்கள். எனக்குப் புரிந்த அளவில் சொன்னால், மூளை ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். டம்ளரை எடுக்க நினைத்தால் கை டம்ளரைத் தாண்டிப் போய்விடும். விட நினைத்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் பல பேருக்குப் புத்தியில் ஒரு குறையும் இருக்காது. நான் வேனில் தப்பான கியர் போட்டால் பின் சீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

மையத்தின் தலைவி மதாம் எலேன். ஊர்க்காரர்தான். பிரான்ஸில் படித்துவிட்டு வந்தவர். வீட்டில் பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். காட்டன் புடவை கட்டிக்கொண்டு கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கவிட்டிருப்பார். எதையும் பழுப்பு அட்டை போட்ட நோட்டில் எழுதாமல் விடமாட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதைதான் உயரும். சாதாரண நாளில் நான் "கலியா". தப்புச் செய்தால் "கலியபெருமாள்". பெரிய தப்பு என்றால், "முசே கலியபெருமாள், கொஞ்சம் உட்காருங்க." முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. அது காதில் விழுந்ததும் எனக்கு முதுகில் வியர்த்துவிடும்.

ஒருநாள் மையத்துக்கு மூன்று பேட்டரி வீல்சேர்கள் வந்து இறங்கின. கைப்பிடியின் முனையில் ஒரு குச்சி இருக்கும். ஜாய்ஸ்டிக் என்பார்கள், குழந்தைகள் குச்சி என்றுதான் சொல்வார்கள். குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் வண்டி போகும். விட்டால் நிற்கும். அவ்வளவுதான். படித்த தெரப்பிஸ்டுகள் நாலு பேர் நின்றுகொண்டிருக்க, மதாம் என்னைக் கூப்பிட்டார்.

"கலியா, இதை நீதான் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கப் போற."

"எனக்குத் தெரப்பி தெரியாதே மதாம்?"

"அது எனக்குத் தெரியும். எங்க யாருக்கும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்துச் சக்கர லாரியை ஓட்டியவனுக்கு நாலு சக்கர நாற்காலி எம்மாத்திரம் என்று நினைத்தேன். மதாம் என்னையே முதலில் உட்காரச் சொன்னார். வலது கையைக் கட்டிப்போட்டார். இடது கையில் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் தடித்த கையுறை ஒன்றை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பட்டை சுற்றி, அதன் மறுமுனையைத் தோளுக்குப் பின்னால் இழுத்துக் கட்டினார்.

"இப்போ அந்தக் கதவு வரைக்கும் போயிட்டு வா. அலே!"

அலே என்றால் கிளம்பு என்று அர்த்தம். கிளம்பினேன். குச்சியைத் தொடப் போனால் ரப்பர் என் கையைப் பின்னால் இழுத்தது. பலம் கொடுத்துத் தள்ளினால் கை தடாலென்று முன்னால் போய் விழுந்தது. வண்டி முதலில் பீரோவில் மோதியது. பிறகு தண்ணீர்க் குடத்தில் மோதியது. அந்த நேரம் பார்த்து ஏதோ விழாவுக்கு அழைப்பிதழ் கொடுக்க வந்த ஒரு பெரியவர் உள்ளே நுழைந்தார். வெள்ளை வெளேரென்று வேட்டி. அதன் ஓரம் என் பின் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. நான் போகப் போக வேட்டியும் வந்தது. வேட்டியோடு பெரியவரும் வந்தார். ஒரு கையில் அழைப்பிதழ்க் கட்டு, மறு கையில் இடுப்பு.

"தம்பி, தம்பி, தம்பி" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தம்பி சொல்லிக்கொண்டே வந்தார்.

நிறுத்தும் ரிமோட் மதாம் கையில்தான் இருந்தது. "மதாம், நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

அவர் ரிமோட்டை அழுத்திவிட்டு என் பக்கம் வந்து குனிந்தார். "கலியா, நீ கத்துனே, நான் நிறுத்துனேன். நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்குக் கத்தவும் வராது. இதை ஞாபகம் வெச்சுக்க." பிறகு பெரியவரிடம் திரும்பி மன்னிப்புக் கேட்டு, அவர் வேட்டியைக் கட்டிக்கொள்ளும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த விழாவுக்கு நாங்கள் போனோம். பெரியவர் பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பயிற்சி முறை என்று மதாம் வைத்திருந்தது இதுதான். வண்டியை ஆன் செய்வதற்கு முன்னால் உட்காரவைக்கவே கால் மணி நேரம் போகும். இடுப்பு கடைசிவரை பின்னால் போயிருக்க வேண்டும். பெல்ட் வயிற்றில் இருக்கக் கூடாது, தொடை மடியும் இடத்தில் இருக்க வேண்டும். பாதங்கள் இரண்டும் பலகையில் பதிய வேண்டும். "ஆடற ஸ்டூல்ல உக்காந்து ஊசியில நூல் கோத்துப் பாரு, ஏன்னு புரியும்" என்பார். வேகத்தை ஆகக் குறைவில் வைத்துக் குழந்தையைக் காலியான கூடத்தில் விட வேண்டும். பிறகு நாம் ஒன்றும் செய்யக் கூடாது. குழந்தையின் கையைப் பிடித்துக் குச்சியைத் தள்ளக் கூடாது. "பார்த்து, பார்த்து" என்று சொல்லக் கூடாது. மெதுவாகச் சுவரில் இடித்தால் இடிக்கட்டும். ஆபத்து என்றால் மட்டும் ரிமோட்.

இதில் எனக்குக் கஷ்டமானது சும்மா இருப்பது. லாரிக்குப் பின்னால் நின்று "வா வா வா, ஒடி ஒடி, ஓல்ட்டே" என்று கத்திப் பழகிய வாய். குழந்தை குச்சியைத் தொட்டதும் தானாகத் திறந்துகொள்ளும். மதாம் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு ஸ்டூலைப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னார். வாயில் ஒரு கமர்கட்டு போட்டார். கரையும் வரை பேசக் கூடாது. ஒரு வகுப்புக்கு ஒரு கமர்கட்டு என்று கணக்கு. இப்படியே வருஷக்கணக்கில் போய் என் கடைவாய்ப்பல் இரண்டும் போயின. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் வாயை மூடிய பிறகுதான் குழந்தைகள் ஓட்ட ஆரம்பித்தார்கள்.

அரியாங்குப்பத்துத் தினேஷ் என்று ஒரு ஆறு வயசுப் பையன் இருந்தான். அவன் ரிவர்ஸில் மட்டும்தான் போவான். அவன் கைக்கு இழுக்கத்தான் வரும், தள்ள வராது. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டே வருவான். நான் வழக்கம்போலக் கமர்கட்டை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, கார்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது போடும் சத்தத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதிலிருந்து "பீம் பீம்" என்று கத்திக்கொண்டே கூடம் முழுக்கப் பின்னால் வருவான். பெருக்க வந்த செல்வியக்கா துடைப்பத்தோடு சுவரில் ஒட்டிக்கொள்வார். மதாம் நாலு வாரம் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் குச்சியின் பெட்டியைக் கழற்றித் திருப்பி மாட்டச் சொன்னார். இழுத்தால் வண்டி முன்னால் போனது. அன்றோடு பையன் நேராகப் போக ஆரம்பித்தான். பீம் பீமை மட்டும் விடவில்லை.

இனி யாஸ்மின்.

ஒன்பது வயது. அவளுடைய அத்தா ஜாபர் பாய்க்கு டவுனில் தையற்கடை. அம்மா நூர்ஜஹான். நூர்ஜஹான் அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் எங்கும் போவார். ஒன்பது வயசுப் பெண்ணின் கால் அம்மாவின் முழங்கால் வரை தொங்கும். யாஸ்மினுக்குப் பேச்சு மெதுவாக, இழுத்து இழுத்து வரும். அவள் ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் அம்மா அந்த வாக்கியத்தை முடித்துவிடுவார். "தண்ணி வேணுமாம்." "கால் வலிக்குதாம்." "வீட்டுக்குப் போவணுமாம்."

எங்களிடம் இருந்தது மூன்றே வண்டி. ஒரு குழந்தைக்கு ஆறு மாதம். அதற்குள் தானாக ஓட்டவும் நிறுத்தவும் வந்தால், வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு அந்தக் குழந்தைக்கென்று சொந்தமாக ஒரு வண்டி வரும். வராவிட்டால் வண்டி வரிசையில் நிற்கும் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். யாஸ்மினின் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், வகுப்புக்கு வகுப்பு அவளே போய்வர முடிந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆக, அவளுக்கு எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் நின்றது.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. உட்காரவைத்தோம். குச்சியில் கை வைத்தாள். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் உடம்பு முழுக்க விறைத்தது. தலை பின்னால் போனது, கை முன்னால் போனது, குச்சி கடைசிவரை சாய்ந்தது, வண்டி பாய்ந்தது. வண்டி பாய்ந்ததும் இன்னும் சிரிப்பு. இன்னும் விறைப்பு. சிரித்துக்கொண்டே கூடத்தைத் தாண்டி, செல்வியக்காவின் வாளியைத் தள்ளி, மதாமின் அறைத் திரையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். திரைக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்படியே இரண்டு மாதம் போனது. சிரிப்பு வராதவரை அருமையாக ஓட்டுவாள். ஆனால் எதைப் பார்த்துச் சிரிப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. மதாம் பழுப்பு நோட்டில் ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தார். யாராவது தும்மினால். காக்கா ஜன்னலில் உட்கார்ந்தால். பூசணிக்காய் என்ற சொல் காதில் விழுந்தால். கலியபெருமாள் "நிறுத்தும்மா" என்று சொன்னால். அதற்கு அடுத்த வரி: கலியபெருமாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால்.

"முசே கலியபெருமாள், கொஞ்சம் உட்காருங்க."

உட்கார்ந்தேன். வியர்த்தது.

"மையத்துல இனிமே யாரும் சிரிப்பு வர மாதிரி இருக்கக் கூடாது. ரெண்டு வாரம். எல்லாருக்கும் சொல்லிடுங்க."

சொன்னேன். யாஸ்மின் வண்டியில் ஏறியதும் எல்லோரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டோம். செல்வியக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றார். ஒரு தெரப்பிஸ்டுக்குத் தும்மல் வந்து, அதை அடக்கப் போய், கண் பிதுங்கி, வாயால் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் தும்மலைவிட மோசம். யாஸ்மின் வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

மதாம் நோட்டை மூடி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கலியா, தப்பா நெனைக்காதே. எனக்கு உன் மீசை மேல சந்தேகமா இருக்கு."

பதினெட்டு வயதில் வைத்த மீசை. இரண்டு பக்கமும் முறுக்கியிருக்கும். கல்யாணப் போட்டோவில் என் முகத்தைவிட அதுதான் நன்றாக விழுந்திருக்கிறது. மூன்று நாள் யோசித்தேன். ஆறு மாதத்தில் மூன்று மாதம் போய்விட்டது. எடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் என் மனைவி கதவைத் திறந்து, "அவரு இன்னும் வரலீங்க" என்று சொல்லிவிட்டுச் சாத்தப் போனாள்.

மறுநாள் யாஸ்மினை உட்காரவைத்தோம். பெல்ட் போட்டோம். வண்டியை ஆன் செய்தோம். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. மீசை இருந்த இடத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தது. அன்றைக்குக் கை பக்கவாட்டில் விறைத்ததால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. ரிமோட்டை அழுத்தினேன். வண்டி நின்றது, சிரிப்பு நிற்கவில்லை. விடுவித்தால் மறுபடியும் சுற்றியது. அப்படியே சுற்றிச் சுற்றி நகர்ந்துபோய் முற்றத்தில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியை உடைத்தது. நூர்ஜஹான் ஓடிவந்து, "போதுமாம், எறக்கிவிடணுமாம்" என்றார். யாஸ்மினின் முகத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

நான் முற்றத்தில் உட்கார்ந்து தொட்டி ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மீசையும் போனது, வண்டியும் போகப்போகிறது என்று மனசு விட்டுப்போனது. அப்போதுதான் ஜாபர் பாய் வந்தார். வண்டியின் தலை சாய்க்கும் மெத்தை கிழிந்திருந்தது. உறை மாற்றித் தைத்துக்கொடுக்க அளவு எடுக்க வந்தவர்.

"கலியண்ணே, ஒண்ணு சொல்லட்டா? இந்த உறையை நான் மாசத்துல ரெண்டு தடவ தைக்கறேன். எப்பவும் ஒரே எடத்துலதான் தேயுது. இதோ, நட்ட நடுவுல."

"தலை உரசும்ல பாய்."

"உரசல் இல்லண்ணே, இடி. நான் கடையில ஒக்கார வெச்சுப் பாத்துட்டேன். புள்ளைக்குச் சிரிப்பு வர்றப்ப மொதல்ல தலைதான் பின்னாடி போவுது. கை அப்புறம்தான் நீளுது. தலைக்கும் கைக்கும் நடுவுல ஒரு நொடி இருக்கு. என்னோட மிஷின்ல கால் எடுத்ததும் ஊசி நிக்கறதுக்கு அவ்ளோ நேரம்தான் ஆவும்."

மதாம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "முசே ஜாபர், கொஞ்சம் உட்காருங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் இந்த முசே வேறு முசே. உள்ளே போய் ஒரு நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். வண்டியோடு வந்த பெட்டியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டை ஸ்விட்சை எடுத்துவந்தார். கை வராத குழந்தைகளுக்கு முழங்கையாலோ தலையாலோ அழுத்தவென்று கொடுப்பது. "இதைத் தேயற எடத்துல வெச்சுத் தைக்க முடியுமா? உள்ள இருக்கறது அவளுக்கு உறுத்தக் கூடாது."

"சட்டைக் காலர்ல பட்டி வெக்கற மாதிரி வெச்சுடலாம் மதாம்."

வெள்ளிக்கிழமை தைத்துக்கொண்டு வந்தார். மெக்கானிக் வயரைக் கொண்டுபோய் மாட்டினார். தலை அதில் பட்டால் வண்டி நிற்கும். தலையை எடுத்துவிட்டுக் குச்சியை மறுபடி தொட்டால்தான் கிளம்பும். யாஸ்மினை உட்காரவைத்தோம். கிளம்பினாள். மதாம் தன் வாழ்க்கையில் சொல்லியிருக்கவே மாட்டார் என்று நான் நினைத்த ஒரு வார்த்தையைத் தெளிவாக, நிதானமாகச் சொன்னார்.

"பூசணிக்காய்."

யாஸ்மின் சிரித்தாள். தலை பின்னால் போனது. டிக் என்று ஒரு சத்தம். கை நீண்டு குச்சியை முழுக்கத் தள்ளியது. வண்டி அசையவில்லை.

நாங்கள் கைதட்டினோம். செல்வியக்கா விசிலே அடித்துவிட்டார். மதாம் நோட்டில் ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டார்.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. வண்டி தானாக நின்றதே யாஸ்மினுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. கிளம்புவாள், டிக். அது நின்றதை நினைத்துச் சிரிப்பாள். மறுபடி கிளம்புவாள், டிக். முன்பு நிற்காத வண்டி இப்போது போகாத வண்டியாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் கூடத்தைக்கூடத் தாண்டவில்லை. வாரக்கணக்கில் இதுவேதான். யாரையும் இடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை, எங்கும் போகவும் இல்லை.

ஆறு மாதம் முடியும் வாரம் டாக்டர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் விதியை விட்டு ஒரு இஞ்ச் நகரமாட்டார். கூடத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிறுத்தறது பிரமாதம். ஆனா ஓட்டத் தெரியணுமே. நாளைக்கு வெளியில பாத்துடலாம். பத்து வெளக்குக் கம்பம் தூரம் அவளா போகட்டும். யாரும் தள்ளக் கூடாது. போனா கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் சாயங்காலம் பீச் ரோட்டுக்குப் போனோம். அந்த நேரத்தில் அங்கே வாகனங்களை விடமாட்டார்கள், சாலை முழுக்க நடப்பவர்கள்தான். வெயில் இறங்கியிருந்தது, வெளிச்சம் இருந்தது. டாக்டர் கடல் பக்கத்துச் சுவரில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜாபர் பாய் உறையைக் கடைசியாக ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார். நான் ரிமோட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன்.

"அலே, யாஸ்மின்" என்றார் மதாம்.

கிளம்பினாள். ஒரு அலை பாறையில் அடித்தது. டிக். கிளம்பினாள். பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடித்தார். டிக். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் நின்று, "இன்னா பாப்பா, ரோந்தா?" என்று கேட்டார். டிக், டிக், டிக். எதிரே வந்த ஒருவர் தும்மினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருபது நிமிடத்தில் ஒரு கம்பம்கூடத் தாண்டவில்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபைலை மூடினார். "பாவம் கொழந்தை. அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடுங்க மதாம்" என்றார். மதாம் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஜாபர் பாய் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். 

நூர்ஜஹான் முன்னால் போனார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்குவதற்குக் குனிந்தார். "போதும் வாடி கண்ணு. களைச்சுப் போயிட்டா. வீட்டுக்குப் போவணுமாம்."

யாஸ்மின் அம்மாவைப் பார்த்தாள். வாய் ஒருபக்கம் கோணியது. வார்த்தை வர நேரம் ஆனது. இந்த முறை அம்மா முடித்துவைப்பதற்குள் அவளே முடித்தாள்.

"வர... மாட்டேன்."

குச்சியைச் சாய்த்தாள். வண்டி அம்மாவின் கைக்கு அடியிலிருந்து நழுவிப் போனது.

நூர்ஜஹான் குனிந்தபடியே நின்றார். பிறகு, "ஏய்!" என்று நாலு எட்டு வைத்தார். யாஸ்மினுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு. டிக். வண்டி நின்றது. அம்மாவின் கை கைப்பிடியைத் தொடப்போன நேரம், யாஸ்மின் ஒரு காரியம் செய்தாள். வாயை இறுக்க மூடினாள். கன்னம் இரண்டும் பூரிபோல உப்பின. கண்ணில் தண்ணீர் வந்தது. தலை மெத்தையைவிட்டு மெல்ல மெல்ல முன்னால் வந்தது. கை தளர்ந்தது. குச்சி கொஞ்சமாகச் சாய்ந்தது. வண்டி போனது.

ஆறு மாதம் நாங்கள் தும்மலை அடக்கி, காக்கா விரட்டி, மீசை எடுத்து, நோட்டு நோட்டாக எழுதியும் நடக்காதது இது. எங்களுக்காக அவள் சிரிப்பை அடக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அம்மாவிடம் பிடிபடக் கூடாது என்றால் அடக்கித்தான் ஆகவேண்டும்.

ஒரு கம்பம். இரண்டு. மூன்றாவதில் ஒருமுறை வெடித்துவிட்டது. டிக். நூர்ஜஹான் கிட்டே வந்துவிட்டார். கன்னம் உப்பியது. வண்டி கிளம்பியது. நாலு, ஐந்து. நடப்பவர்கள் விலகி வழிவிட்டார்கள். போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடி, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கூட்டத்தை ஒதுக்கினார். நான் ரிமோட்டோடு பக்கவாட்டில் ஓடினேன். வண்டி நடப்பவரின் வேகத்தில்தான் போனது. ஆனாலும் எனக்கு மூச்சு வாங்கியது. எனக்குப் பின்னால் மதாம் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். அவருக்கும் பின்னால் டாக்டர். ஃபைலைத் திறந்து, நடந்துகொண்டே பேனாவை உதறிக்கொண்டிருந்தார்.

எட்டு, ஒன்பது.

பத்தாவது கம்பத்துக்கிட்டே நூர்ஜஹானின் செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றுவிட்டார். யாஸ்மின் நிற்கவில்லை. பத்தைத் தாண்டிப் பதினொன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் அவள் தலை மட்டும் லேசாக ஆடிக்கொண்டு தெரிந்தது.

எதிரே ஒரு அம்மா ஓடிப்போன தன் பையனைத் துரத்திப் பிடித்து, கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்தார். நூர்ஜஹான் அந்த அம்மாவை நிறுத்தினார். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் ஈரம், கையில் அறுந்த செருப்பு.

"பாருங்கக்கா என் பொண்ணை. சொன்னா கேக்கவே மாட்டேங்குது. நான் பாட்டுக்குக் கத்தறேன், அது பாட்டுக்குப் போவுது" என்றார்.

அந்த அம்மா வண்டியைப் பார்த்தார். நூர்ஜஹானைப் பார்த்தார். பிறகு சலிப்பாகத் தலையை ஆட்டினார்.

"எங்க வூட்டுலயும் இதே கதைதாம்மா" என்று சொல்லிவிட்டுப் பையனை இழுத்துக்கொண்டு போனார்.